மேல்முனையை எங்கே கட்டப் போகிறீர்கள்?

(உடுமலைப்பேட்டையில் பெண்கள் உடல்நலம் குறித்த பொதுக்கூட்டத்தில், மகளிர் நோய் அறுவை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கர்ப்பப்பையை எடுத்த பிறகும் சில பெண்களுக்கு அடி இறங்குகிறது. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். "பையே இல்லையே, அப்புறம் எதுங்க இறங்கறது?" என்று வீட்டில் கேட்கிறார்கள். மில்லில் பக்கத்து மெஷினில் நிற்பவர் கேட்கிறார். அந்தப் பெண்ணும் தனக்குள் அதையே கேட்டுக்கொண்டு, புற்றாக இருக்குமோ என்று பயந்து, வருடக்கணக்கில் யாரிடமும் காட்டாமல் இருந்துவிடுகிறார். சர்க்கரைக்குப் பார்க்க வந்தேன், மூட்டு வலிக்கு வந்தேன் என்று சொல்லி உள்ளே வருவார்கள். கதவைச் சாத்திய பிறகுதான், "அடி தள்ளுதுங்க" என்று வாய் திறப்பார்கள். இப்படிப்பட்ட பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆண்களும் வந்திருக்கிறீர்கள். சங்கடமாக இருந்தாலும் கடைசி வரை உட்கார்ந்து கேளுங்கள். வயதுக்கு வந்த பெண்ணின் ஆபரேஷனுக்குச் சட்டப்படி அவளுடைய சம்மதக் கையெழுத்தே போதும். ஆனால் நம் ஊரில் பெரும்பாலும் கணவரைத்தான் கூப்பிட்டு எதிரே உட்கார வைக்கிறார்கள். அப்படி உட்காரும்போது என்ன கேட்க வேண்டும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

யோனி என்பது மெல்லிய சுவர் கொண்ட ஒரு குழாய். கீழ்முனை வெளியே திறந்திருக்கிறது. மேல்முனையில் கர்ப்பப்பையின் கழுத்து வந்து பொருந்துகிறது. முன்பக்கம் மூத்திரப்பை, பின்பக்கம் மலக்குடல், மேலே சிறுகுடல். இத்தனைக்கும் நடுவே அந்தக் குழாய் தன் இடத்தில் நிற்பதற்கு இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன. கீழே இடுப்புத் தளத்தின் தசைகள் தாங்குகின்றன. மேலே தசைநார்கள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் ஜான் டிலான்சி, கர்ப்பப்பை எடுத்த பெண்களுக்கு யோனி ஏன் வெளியே வருகிறது என்பதை அறிய, இறந்தவர்களின் உடல்களை அறுத்து ஆராய்ந்து 1992ல் எழுதினார். பிடிமானம் மூன்று அடுக்காக இருக்கிறது என்று அவர் காட்டினார். மேலடுக்கில் முதுகுத்தண்டின் அடியில் உள்ள திரிகம் எலும்பிலிருந்து வரும் நார்கள் மேல்முனையைப் பின்னும் மேலுமாகத் தொங்க விட்டிருக்கின்றன. நடு அடுக்கு யோனியை இருபக்கச் சுவர்களோடு இணைக்கிறது. கீழடுக்கில் வாசலைச் சுற்றியுள்ள தசையும் திசுவும் ஒன்று சேர்ந்து இறுகியிருக்கின்றன.

கர்ப்பப்பை இறங்குவதற்குக் கர்ப்பப்பை காரணம் இல்லை. அதைப் பிடித்திருக்கும் நார் இற்றுப்போனதுதான் காரணம். பிரசவத்தில் தலை வெளியேறும்போது நாரும் தசையும் கிழிகின்றன. பிள்ளை பெற்ற சில வாரங்களிலேயே நிறைகுடம் தூக்கினால் அவை கூடுவதற்கு நேரம் கிடைப்பதில்லை. மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் குறைந்து திசு மெலிகிறது. தீராத இருமல் ஒவ்வொரு முறையும் வயிற்றுக்குள்ளிருந்து கீழ்நோக்கி இடிக்கிறது. பஞ்சாலைகளின் பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயும் விறகு அடுப்புப் புகையால் வரும் இருமலும் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. கக்கூஸுக்குப் போக நேரம் இல்லாமல் அடக்கி அடக்கி வரும் மலச்சிக்கலும் அதே திசையில்தான் தள்ளுகிறது.

இப்படி இறங்கிய கர்ப்பப்பையை வெட்டி எடுக்கும்போது, அதைப் பிடித்திருந்த நார்களையும் வெட்டித்தான் எடுக்க வேண்டும். பிறகு யோனியின் மேல்முனையைத் தைத்து மூடுகிறோம். மருத்துவர்கள் அந்த மூடிய முனையை வால்ட் என்பார்கள். வெட்டிய நார்களோடு அந்த முனையைத் திரும்பவும் இழுத்துக் கட்டாமல் விட்டால், அதற்கு மேலே பிடி எதுவும் இல்லை. சட்டைக் கைக்குள் விரல் விட்டு உள்பக்கத்தை வெளியே உருவுவது போல, முனை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்து ஒரு நாள் வாசலுக்கு வெளியே தெரிகிறது. வெளியே தெரிவது யோனியின் சுவர்தான். அதற்குப் பின்னால் மூத்திரப்பையும் குடலும் இறங்கி நிற்கும். காலையில் ஒன்றும் தெரியாது. ஷிப்டு முடிகிற நேரத்தில் பாரமாக இறங்கும். சிலர் விரலால் உள்ளே தள்ளிவிட்டுத்தான் சிறுநீர் கழிக்க முடியும். உட்கார்ந்தால் உரசிப் புண்ணாகும்.

இது எத்தனை பேருக்கு வருகிறது? இங்கிலாந்தின் மகப்பேறு மருத்துவர்களின் ராயல் கல்லூரி மேற்கோள் காட்டும் கணக்கு இது: இறக்கத்துக்காகவே கர்ப்பப்பை எடுக்கப்பட்டவர்களில் 100க்கு சுமார் 12 பேர், கட்டி, ரத்தப்போக்கு போன்ற வேறு காரணங்களுக்காக எடுக்கப்பட்டவர்களில் 100க்கு சுமார் 2 பேர். இரண்டுக்கும் இடையில் ஆறு மடங்கு வித்தியாசம். நார் ஏற்கெனவே கெட்டிருந்தவளுக்குக் கர்ப்பப்பையை மட்டும் எடுத்துவிட்டு, கெட்ட நாரை அப்படியே விட்டால், நோய் அங்கேயே இருக்கிறது என்பதை இந்தக் கணக்கு சொல்கிறது.

தமிழ்நாட்டில் இதைப் பெண்களின் வாயிலிருந்தே கேட்டு எழுதியவர்கள் உண்டு. செங்கல்பட்டு வட்டாரத்தில் 1981ல் தொடங்கப்பட்ட கிராமியப் பெண்கள் அமைப்பான ருவ்செக்கைச் சேர்ந்த டி.கே. சுந்தரி ரவீந்திரனும் அவருடைய தோழியரும், அடி இறங்கிய கிராமத்துப் பெண்களை உட்கார வைத்துப் பேசி 1999ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்தப் பெண்கள் வயலில் குனிந்து நட்டார்கள், சுமை தூக்கினார்கள், கணவனோடு வாழ்ந்தார்கள். எல்லாவற்றையும் அந்தப் பாரத்தோடுதான் செய்தார்கள். வைத்தியத்துக்குப் போனால் கூலி போகும், வீட்டைப் பார்க்க ஆள் இல்லை, சொல்ல வெட்கம். இன்றைக்கு நம் பகுதியில் வயலுக்குப் பதில் மில் வந்திருக்கிறது, கம்பெனி பஸ் வந்திருக்கிறது. வெட்கமும் கூலிக் கணக்கும் அப்படியே இருக்கின்றன.

இன்னொரு பக்கம், தேவையே இல்லாமல் கர்ப்பப்பையை எடுப்பது. 2015-16ல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு இதைப் பற்றி விரிவாகக் கேட்டது. 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 100க்கு சுமார் 3 பேருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது. ஆந்திராவில் 100க்கு 9 பேர். மூன்றில் இரண்டு பங்கு ஆபரேஷன்கள் தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களை 2019ல் அரசு கணக்கெடுத்தபோது, 82,309 பேரில் 13,861 பேருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது. மாதவிடாய் வந்தால் லீவு, லீவு போட்டால் அபராதம், அதனால் பையை எடுத்துவிடு என்கிற கணக்கு அது. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டுதல்களை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. வெள்ளைப்படுதலுக்கும் இடுப்பு வலிக்கும் கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால், சகோதரிகளே, இன்னொரு மருத்துவரிடம் கேட்காமல் சம்மதிக்காதீர்கள்.

இறக்கமே இருந்தாலும் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்பது இல்லை. இதை உலகுக்குக் காட்டியவர்களில் நம் நாட்டவர் முன்வரிசையில் இருக்கிறார்கள். கோவாவில் 1899ல் பிறந்து பம்பாயில் பணியாற்றிய மருத்துவர் வி.என். ஷிரோத்கரை, கர்ப்பம் நிற்காத பெண்களின் கர்ப்பப்பைக் கழுத்தில் போடும் தையலுக்காக உலகம் முழுக்கத் தெரியும். அதே ஷிரோத்கர், அடி இறங்கிய இளம்பெண்களுக்குக் கர்ப்பப்பையை எடுக்காமல், ஒரு நாடாவின் ஒரு முனையைக் கர்ப்பப்பைக் கழுத்தின் பின்புறத்திலும் மறுமுனையைத் திரிகம் எலும்பின் மேட்டிலும் கட்டித் தூக்கி நிறுத்தினார். பம்பாயின் மருத்துவர் புரந்தரே வயிற்றுச் சுவரின் உறையிலிருந்தே பட்டை எடுத்து, அதை வைத்துக் கர்ப்பப்பைக் கழுத்தை முன்வயிற்றுச் சுவரோடு இணைத்தார். மேலைநாடுகளில் இறக்கம் பெரும்பாலும் கிழவிகளின் நோய். இங்கே இருபத்தைந்து வயதில், இன்னும் பிள்ளை பெற வேண்டிய பெண்ணுக்கு வந்தது. எடுத்து எறிய முடியாத நிலையில் அவர்கள் கட்டுவதைப் பற்றி யோசித்தார்கள். கர்ப்பப்பை இல்லாத பெண்ணுக்கும் அறுவை மருத்துவர் கேட்க வேண்டியது அதே கேள்விதான்: இந்த முனையை எந்த உறுதியான இடத்தில் கட்டுவது?

முதல் விடை, கர்ப்பப்பையை எடுக்கும் அன்றே கட்டிவிடுவது. அமெரிக்க மருத்துவர் மில்டன் மெக்கால் 1957ல் எழுதிய தையல் முறை இது. கர்ப்பப்பையை யோனி வழியாக எடுத்த கையோடு, வெட்டிய இரண்டு பக்க நார்களையும் நடுவில் சேர்த்து, அவற்றோடு மேல்முனையையும் சேர்த்துத் தைத்துவிடுவது. தனி ஆபரேஷன் இல்லை, தனிச் செலவு இல்லை, சில நிமிட வேலை. ராயல் கல்லூரியின் 2015 வழிகாட்டுதல் இதைச் செய்யச் சொல்கிறது. கர்ப்பப்பை எடுக்கப் போகும் ஒவ்வொரு பெண்ணும் முன்கூட்டியே கேட்க வேண்டியது இதுதான்: "டாக்டர், எடுத்த பிறகு மேல்முனையை எங்கே கட்டப் போறீங்க?" கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயப்பட வேண்டாம். நல்ல அறுவை மருத்துவர் அந்தக் கேள்வியைக் கேட்டுச் சந்தோஷப்படுவார். காகிதத்தில் படம் போட்டே காட்டுவார்.

அன்று கட்டாமல் விட்டு, பிறகு இறங்கிவிட்டது. அல்லது கட்டியும் இறங்கிவிட்டது. அப்போது என்ன?

கீழ்வழியாகச் செய்வதில் இரண்டு முறைகள் முக்கியம். ஒன்று, மேல்முனையைப் பக்கவாட்டில் ஓர் உறுதியான தசைநாரில் தைப்பது. இடுப்பெலும்பின் உள்பக்கம் இரண்டு புறமும் முள் போல ஒரு மேடு உண்டு. அங்கிருந்து திரிகம் எலும்புக்கு ஒரு தடித்த நார் போகிறது. பிரசவமோ வயதோ அதைப் பெரிதாகத் தளர்த்துவதில்லை. ஜெர்மனியில் ரிக்டர் என்ற மருத்துவர் 1960களில் பரப்பிய இந்த முறையை, 1971ல் ராண்டாலும் நிக்கோல்ஸும் அமெரிக்காவுக்குக் கொண்டு போனார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்து, யோனியின் பின்சுவரைத் திறந்து, மலக்குடலை ஒதுக்கி, பெரும்பாலும் வலதுபக்க நாரில் இரண்டு தையல் போடுகிறோம். இடதுபக்கம் பெருங்குடல் இறங்கி வருவதால் வலது வசதி. தையல் விழும் இடத்தில்தான் அறுவை மருத்துவரின் கைத்திறன் தெரியும். முள்ளுக்குப் பின்னாலேயே முக்கியமான நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுகின்றன. அதனால் முள்ளிலிருந்து சுமார் 2 சென்டிமீட்டர் உள்ளே தள்ளித் தைக்க வேண்டும். விலகினால் ரத்தம் கொட்டும், அல்லது நரம்பு மாட்டிக்கொள்ளும். சரியாகவே தைத்தாலும் சிலருக்கு வலது பிட்டத்தில் சில வாரம் வலி இருக்கும். பெரும்பாலும் தானாகக் குறையும். இன்னொரு குறை, யோனி பின்னோக்கியும் வலப்பக்கமும் திரும்பிவிடுவதால் முன்சுவர் வயிற்று அழுத்தத்தை நேராக வாங்குகிறது. பின்னாளில் மூத்திரப்பை இறங்க வாய்ப்பு உண்டு. ஆனாலும் வயிற்றைத் திறக்க வேண்டாம், வலை வேண்டாம், முழு மயக்கம் வேண்டாம், விலை உயர்ந்த கருவி வேண்டாம். பயிற்சி பெற்ற கை இருந்தால் அரசு மருத்துவமனையின் சாதாரண ஆபரேஷன் தியேட்டரே போதும். அதனால் இந்த முறைமேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு.

இரண்டாவது, உள்ளே இருக்கும் பழைய நார்களையே தேடிப் பிடித்து, இன்னும் உறுதியாக உள்ள மேல்பகுதியில் இரண்டு புறமும் தைப்பது. யோனி தன் இயல்பான திசையிலேயே நிற்கும், ஒரு பக்கம் சாயாது. ஆபத்து எங்கே என்றால், சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பைக்கு வரும் குழாய் அந்த நாருக்கு மிக அருகில் ஓடுகிறது. தையல் இழுக்கும்போது குழாய் மடிந்துவிடலாம். அதனால் தையலை இறுக்கிய பிறகு, மூத்திரப்பைக்குள் கேமரா விட்டு, இரண்டு குழாயிலிருந்தும் சிறுநீர் பீறிடுகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் ஆபரேஷனை முடிக்க வேண்டும். பார்க்காமல் முடித்தால், சத்தமில்லாமல் ஒரு சிறுநீரகம் போய்விடக் கூடும்.

இரண்டில் எது மேல்? அமெரிக்காவில் 374 பெண்களைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2014ல் வெளியானது. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது இரண்டு முறையிலும் 100க்கு சுமார் 60 பேருக்குத்தான் முழு வெற்றி. ஐந்து ஆண்டில், கடுமையான அளவுகோலில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தோல்விக் கணக்கில் வந்தார்கள். பயப்படாதீர்கள். அந்த அளவுகோலில், திரும்ப வைத்தியம் தேவைப்படாத இறக்கம்கூடத் தோல்விதான். திரும்ப வைத்தியம் தேவைப்பட்டவர்கள் 100க்குப் பத்துப் பேர் அளவில்தான். ஆனாலும் "ஒரு ஆபரேஷன், அதோடு வாழ்நாளுக்கும் கவலை இல்லை" என்று எந்த மருத்துவராவது சொன்னால் அது உண்மை இல்லை என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி வயிற்றின் வழி. இங்கே பேசப்போவது துணியைப் பற்றி. திருப்பூர்ப் பகுதியில் இதை விளக்குவது எனக்கு எளிது, ஏனென்றால் நீங்கள் அதில் என்னைவிட விவரமானவர்கள். மேல்முனையின் முன்சுவரிலும் பின்சுவரிலும் ஒரு வலையைத் தைத்து, அதன் மறுமுனையைத் திரிகம் எலும்பின் மேட்டில், எலும்பை மூடியிருக்கும் கெட்டியான நாரில் தைக்கிறோம். 1962ல் லேன் என்பவர் எழுதிய முறை. ஷிரோத்கர் கழுத்தைக் கட்டிய இடமும் கிட்டத்தட்ட அதுதான். இன்று இதை வயிற்றைக் கிழிக்காமல் லேப்ராஸ்கோப்பி மூலம் சிறு துளைகள் வழியே செய்கிறார்கள். இங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டரில் உள்ள கோவை, லேப்ராஸ்கோப்பியில் நீண்ட பழக்கம் உள்ள ஊர்.

அந்த வலை என்ன? நிட்டிங் துணிதான். பாலிப்ரொப்பிலீன் நூல். உங்கள் பனியன் துணி சர்க்குலர் மெஷினில், ஒரே நூல் சுற்றிச் சுற்றி லூப் போட்டு வருவது. ஓரத்தில் ஒரு லூப் அறுந்தால் ஏணி போலப் பிரியும். மருத்துவ வலை வார்ப் நிட்டிங். ஒவ்வொரு நூலும் நீளவாக்கில் போய்ப் பக்கத்து நூலோடு பின்னிக்கொள்ளும். அதனால் ஆபரேஷன் மேசையில் எந்த வடிவத்தில் கத்தரித்தாலும் பிரியாது. நூல் ஒற்றை ஃபிலமென்டாக இருக்க வேண்டும். பல இழை சேர்ந்த நூலாக இருந்தால், இழைகளுக்கு நடுவில் உள்ள நுண்ணிய இடுக்கில் பாக்டீரியா போய் உட்கார்ந்துகொள்ளும். அதைத் தின்ன வரும் வெள்ளை அணு அந்த இடுக்கில் நுழைய முடியாத அளவு பெரியது. அதே காரணத்துக்காக வலையின் கண் 75 மைக்ரானுக்கு மேல் இருக்க வேண்டும் என்று 1997ல் அமித் என்ற மருத்துவர் வகைப்படுத்தினார். இன்றைய வலைகளின் கண் அதைவிடப் பல மடங்கு பெரியது. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்கிற ஜிஎஸ்எம் கணக்கு உங்களுக்குத் தெரியும். டி-ஷர்ட் துணி 140, 160, 180 என்று ஓட்டுகிறீர்கள். குடலிறக்கத்துக்குப் போட்ட பழைய கன வலைகள் 100 ஜிஎஸ்எம் அளவில் இருந்தன. இன்று இந்த ஆபரேஷனுக்குப் பெரும்பாலும் அதில் பாதிக்கும் குறைவான எடையுள்ள வலைதான். கனம் குறைந்தால் உடல் அதைச் சுற்றிப் போடும் தழும்பும் மெலிதாக இருக்கும்.

ஷ்ரிங்கேஜ் பற்றி ஒரு வார்த்தை. வலை பிளாஸ்டிக், தானாகச் சுருங்காது. அதன் கண்களுக்குள் வளர்ந்த தழும்புத் திசு சுருங்கும்போது வலையையும் சேர்த்து இழுத்து மடிக்கிறது. ஒரு திசையில் வலுவாக இழுத்துக் கட்டினால் கண்கள் மூடிக்கொண்டு, ஓரம் சுருண்டு, தட்டையான துணி கயிறு போலாகிவிடும். கயிறான வலை சதையை அறுக்கும். யோனிச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். அதனால்தான் வலையைத் தளர்வாக, சுருக்கமில்லாமல் பரப்பித் தைக்க வேண்டும் என்று பாடம் எடுக்கிறோம்.

வலையை யோனியை வெட்டி அந்த வழியாகவே வைக்கும் முறை 2000த்துக்குப் பிறகு உலகெங்கும் வேகமாகப் பரவியது. கம்பெனிகள் ஊசியும் வலையும் சேர்த்து ரெடிமேட் பெட்டியாகவே விற்றன. எளிதாக இருந்தது, மருத்துவர்களுக்குப் பிடித்தது. பிறகு புகார்கள் வந்தன: வலை வெளியே தெரிகிறது, வலி தீரவில்லை, தாம்பத்தியம் முடியவில்லை, எடுக்க முயன்றால் முழுசாக வரவில்லை. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2008லும் 2011லும் எச்சரித்தது, 2016ல் அதிக ஆபத்துள்ள பொருள்களின் வகையில் சேர்த்தது, 2019 ஏப்ரலில் இறக்கத்துக்காக யோனி வழியே வைக்கும் வலைகளின் விற்பனையையே நிறுத்தியது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 2017 கடைசியிலேயே நிறுத்தியிருந்தன. இங்கிலாந்தில் 2018 ஜூலையில் நிறுத்திவைத்தார்கள். அங்கே இதை விசாரித்த, கம்பர்லெஜ் அம்மையார் தலைமையிலான குழு 2020ல் தந்த அறிக்கையில், பெண்கள் ஆண்டுக்கணக்கில் வலி என்று சொன்னதை மருத்துவர்கள் மனப்பிரமை என்று தள்ளிவிட்டதைப் பக்கம் பக்கமாகப் பதிவு செய்திருக்கிறது. அந்தப் பெண்கள் கூட்டமாகச் சேர்ந்து கத்தியிருக்காவிட்டால் இன்றும் அந்தப் பெட்டிகள் விற்றுக்கொண்டிருக்கும். இதை என் தொழிலில் உள்ளவர்கள் மறக்கவே கூடாது.

அதே வலை வயிற்றின் வழி வைக்கப்படும்போது கணக்கு வேறு. யோனிச் சுவரை வெட்டுவதில்லை, எனவே கிருமியும் காயமும் வலையோடு சேர்வதில்லை. முன்பு யோனி வழியே செய்த ஆபரேஷன்களோடு ஒப்பிட்ட ஆய்வுகளில், வயிற்று வழியே கட்டியவர்களுக்குத் திரும்ப இறங்குவதும் திரும்ப ஆபரேஷன் தேவைப்படுவதும் குறைவு. ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் ஏழு ஆண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வு 2013ல் வந்தது. அதில் 100க்குப் பத்துப் பேருக்கு மேல் வலையோ தையலோ வெளியே தெரிந்தது. அந்த ஆய்வில் பழைய வகை வலைகளும் இருந்தன, உண்மை. ஆனாலும் ஏழாவது ஆண்டிலும் புதிதாகச் சிலருக்கு வந்துகொண்டிருந்தது என்பது முக்கியம். ஆபரேஷன் மேசையில் இன்னொரு ஆபத்து, எலும்பு மேட்டின்மேல் ஓடும் ரத்தக்குழாய்கள். அங்கே ரத்தம் கசிந்தால் நிறுத்துவது கடினம். முழு மயக்கமும் தலைகீழாகச் சாய்த்த நிலையும் வேண்டும். இதயமும் நுரையீரலும் நன்றாக இருக்க வேண்டும்.

அப்படியானால் யாருக்கு எது? என் கருத்தைச் சொல்கிறேன். நாற்பத்தைந்து வயதில், இன்னும் பதினைந்து வருடம் மில்லில் நின்று வேலை செய்யப் போகிற, கணவனோடு வாழ்கிற பெண்ணுக்கு, உடல்நிலை இடம் கொடுத்தால் லேப்ராஸ்கோப்பி வழியே எலும்பு மேட்டில் கட்டுவதை முதலில் யோசிப்பேன். அறுபத்தைந்து வயதில், சர்க்கரையும் இருமலும் உள்ள அம்மாவுக்குக் கீழ்வழியாகப் பக்க நாரில் தைப்பதே நல்லது. எழுபத்தைந்தைத் தாண்டிய, தனியாக இருக்கிற, இனி தாம்பத்தியம் இல்லை என்று தானே தெளிவாகச் சொல்கிற மூதாட்டிக்கு யோனியையே மூடித் தைத்துவிடும் ஆபரேஷன் உண்டு. பிரான்ஸின் மருத்துவர் லெ ஃபோர் 1877ல் இந்த வகையில் ஒன்றை எழுதினார். சின்ன ஆபரேஷன், சீக்கிரம் ஆறும், 100க்குத் தொண்ணூறு பேருக்கு மேல் திரும்ப வராது. ஆனால் ஒரு நிபந்தனை: அந்த முடிவை மகனோ மருமகளோ எடுக்கக் கூடாது. அந்த அம்மாவைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டு, அவர் வாயால் சொல்ல வேண்டும்.

ஆபரேஷனே வேண்டாம் என்பவர்களுக்கு வளையம் இருக்கிறது. சிலிகானில் செய்தது, அளவு பார்த்து உள்ளே வைத்தால் முனையைத் தாங்கும். கழற்றிக் கழுவி மாட்டப் பழகிக்கொள்ளலாம், அல்லது சில மாதத்துக்கு ஒருமுறை மருத்துவமனையில் மாற்றிக்கொள்ளலாம். இதை மட்டமான வைத்தியம் என்று நினைக்காதீர்கள். ஆரம்ப நிலையில் இடுப்புத் தளத் தசைகளைச் சுருக்கிப் பிடித்து விடும் பயிற்சியும் பாரத்தைக் குறைக்கிறது. பெரிதாக வெளியே வந்துவிட்ட பிறகு பயிற்சியால் உள்ளே போகாது.

ஆபரேஷனுக்கு முன்பே சொல்ல வேண்டிய இன்னொன்று. இறங்கிய சுவர் சிலருக்கு மூத்திரக் குழாயை மடித்து வைத்திருக்கும். தூக்கிக் கட்டியதும் மடிப்பு நிமிர்ந்து, இருமினால் சிறுநீர் சொட்டத் தொடங்கலாம். முன்கூட்டியே சொல்லாவிட்டால், ஆபரேஷன் கெட்டுப்போனதென்று அந்தப் பெண் நினைத்துக்கொள்கிறார். அதற்கும் வைத்தியம் இருக்கிறது.

பிறகு ஓய்வு. எந்த முறையில் கட்டினாலும் முதல் ஆறு வாரம் தழும்பு இறுகும் காலம். நிறைகுடம் 10 கிலோவுக்கு மேல், அதைத் தொடக்கூடாது. துணி மூட்டை, கோன் பெட்டி, பேரப்பிள்ளை எதையும் தூக்கக்கூடாது. தாம்பத்தியமும் அதுவரை வேண்டாம். பாரம் தூக்கும் வேலைக்கு மூன்று மாதம் கழித்துத் திரும்புவது நல்லது. "மூணு மாசம் யாருங்க சம்பளம் குடுப்பாங்க?" என்பீர்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டு இஎஸ்ஐ பிடித்தம் உள்ளவர்களுக்கு, நோய்க்கால உதவியாக வருடத்துக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அதற்குரிய ஆறு மாத காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும், இஎஸ்ஐ மருத்துவரின் சான்று வேண்டும். உங்கள் பணத்திலிருந்து மாதாமாதம் பிடிக்கிறார்கள், கேட்டு வாங்குங்கள். கம்பெனி கணக்கில் பெயர் இருக்கிறதா, சந்தா கட்டுகிறார்களா என்று இப்போதே பார்த்து வையுங்கள். இஎஸ்ஐ இல்லாதவர்கள் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையோடு அரசு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலில் விசாரியுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது கையில் வாங்கும் தாளில் மூன்று விவரம் எழுதியிருக்கிறதா என்று படிக்கத் தெரிந்த ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மேல்முனையை எந்த இடத்தில் கட்டினார்கள், கரையும் தையலா கரையாத தையலா, வலை வைத்தார்களா, வைத்திருந்தால் அதன் பெயரும் பெட்டி எண்ணும். எட்டு வருடம் கழித்து ரத்தக்கசிவோ நாற்றமான நீரோ வந்தால், அன்று பார்க்கிற மருத்துவருக்கு அந்தத் தாள்தான் வழி காட்டும். ரேஷன் கார்டு வைத்திருக்கும் இடத்திலேயே அதையும் வையுங்கள்.

இனி நீங்கள் கேட்க வேண்டும். எழுந்து நின்று கேட்கத் தயங்குபவர்கள் வாசலில் கொடுத்த துண்டுச்சீட்டில் எழுதி அனுப்புங்கள். பெயர் எழுத வேண்டாம். எல்லாச் சீட்டையும் படித்துப் பதில் சொல்லிவிட்டுத்தான் போவேன்.